தானே துள்ளிய பருக்கை

சிவகாசியில் செய்யப்படும் தீக்குச்சிகள் அனைத்தையும் உரசிப் பார்த்துத் தரமறிய இயலாது. உரசியபின் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பட்டாசின் நிலையும் அதுவே. சிலவற்றைக் கொளுத்திப் பார்த்தே முழுத் தொகுதியின் தரத்தையும் முடிவுசெய்தல் வேண்டும். இவ்வாறு எடுக்கப்படும் சிலவே ‘மாதிரி’ எனப்படும். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது உண்மைதான். ஆனால், கிளறி எடுத்த சோற்றுக்கே அது பொருந்தும். மேலே வெயிலில் நன்கு காய்ந்த வெடிகளை மட்டும் சோதித்தால் அடியிலுள்ள ஈரம் தெரியாது.

மக்கள் கருத்தை அறிவதிலும் இச்சிக்கல் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு முழுத்தடை விதிக்க மறுத்தது. தீபாவளியன்று வெடிப்பதற்கு இரண்டு மணி நேரம் மட்டுமே அளித்தது. அந்நாளில் ஒரு தொலைக்காட்சி, ‘தடை வேண்டுமா? குறுஞ்செய்தி அனுப்புங்கள்’ என்று நேயர்களைக் கேட்டதாகக் கொள்வோம். புகையால் மூச்சுத் திணறும் குழந்தையின் தந்தை அனுப்புவார். சரக்குத் தேங்கிய வணிகர் பத்து முறைகூட அனுப்புவார். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆலையில் பகலெல்லாம் திரி செருகிவிட்டு, மாலையில் வீடு திரும்பி உலை வைக்கும் பெண் அனுப்புவாரா? தீர்ப்பால் முதலில் கூலி இழப்பவர் அவரே. எனினும், திரையில் தோன்றும் விழுக்காட்டில் அவர் இடம்பெறுவதில்லை. பானையிலிருந்து தாமே துள்ளி விழுந்த பருக்கைகளைக் கொண்டு பதம் பார்ப்பது போன்றது இது. இப்பிழையே ‘மாதிரிச் சாய்வு’.

எண்ணிக்கை மிகுந்தால் சாய்வு நீங்கிவிடும் என்று பலரும் கருதுவர். 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழும் அவ்வாறே நம்பியது. அது தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்கள் முதலியவற்றிலிருந்து சுமார் 1 கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அவற்றை வைத்திருந்தோர் பெரும்பாலும் வசதி படைத்தோரே. அவர்களுள்ளும் விடை எழுதியோர் 20 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் மட்டுமே. ஆட்சிமீது சினங்கொண்டோரே அதில் மிகுந்த ஆர்வம் காட்டினர். லாண்டன் வெல்வார் என இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். மிகச் சிறிய மாதிரியைக் கொண்டே ஜார்ஜ் காலப் அவ்வெற்றியை முன்னரே கூறியிருந்தார். இரண்டே ஆண்டுகளில் அவ்விதழ் நின்றுபோயிற்று.

விருதுநகர் மாவட்டத்தின் கருத்தை உண்மையாக அறிய விரும்புபவர் வாக்காளர் பட்டியலைக் கையிலெடுத்துச் சீட்டுக் குலுக்கிப் பெயர்களைத் தேர்வார். ஆலை விட்ட பிறகே அவர்தம் வீட்டுக்குச் செல்வார். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டாரைக் கேளாமல், மறுநாளும் அதே கதவைத் தட்டுவார்.