‘இன்ஆபரேட்டிவ்’ வேறு, ‘அன்கிளெய்ம்டு’ வேறு

வங்கிகளிலிருந்து வரும் கடிதங்களில் இரண்டு ஆங்கிலப் பெயரடைகளைக் காணலாம். ஒன்று ‘இன்ஆபரேட்டிவ்’, மற்றொன்று ‘அன்கிளெய்ம்டு’. இரண்டையும் ஒன்றெனக் கருதி, ‘பணம் போய்விட்டது’ என்று முடிவுகட்டிவிடுவோர் உண்டு. இரண்டில் எதற்கும் அப்பொருள் இல்லை.

முதற்சொல் கணக்கின் நிலையைக் கூறுகிறது. ‘செயல்படாத’ என்பது அதன் பொருள். சேமிப்பு அல்லது நடப்புக் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளரின் பரிவர்த்தனை ஏதும் நிகழாவிடில் கணக்கு இந்நிலையை அடைகிறது. வங்கி வரவு வைக்கும் வட்டியும், பிடித்தம் செய்யும் கட்டணமும் வாடிக்கையாளரின் பரிவர்த்தனையாகா. கணக்கு செயல்படாவிட்டாலும் சேமிப்புக்குரிய வட்டி தொடர்ந்து சேரும். இத்தகைய கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக அபராதம் விதிக்கக் கூடாது. மீண்டும் செயல்படுத்தக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் இதனைத் தெளிவாக்குகின்றன. உரிய சான்றுகளுடன் கிளையை அணுகி, கேஒய்சி விவரங்களைப் புதுப்பித்துக் கணக்கை மீட்கலாம்.

இரண்டாம் சொல் பணத்தின் நிலையைக் கூறுகிறது. ‘உரிமை கோரப்படாத’ என்பது அதன் பொருள். 10 ஆண்டுகள் இயக்கப்படாத கணக்கின் இருப்பும், முதிர்வடைந்து 10 ஆண்டுகளாகியும் பெறப்படாத நிரந்தர வைப்பும் இவ்வகையின. இவை, 2014இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. பணம் இடம் மாறுகிறதே தவிர, உரிமை மாறுவதில்லை. கணக்குதாரரோ, அவர் மறைந்திருப்பின் நியமனதாரரோ சட்டப்படியான வாரிசுகளோ அதே வங்கியிடம் விண்ணப்பித்துப் பெறலாம்.

மறைந்த பெற்றோரின் பழைய பாஸ்புக்கை, காலாவதியான காகிதமென ஒதுக்கும் குடும்பம், தனக்குரிய தொகையைத் தானே கைவிடுகிறது. எந்த வங்கியில் பணம் உள்ளது என்ற ஐயமிருப்பின், ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் தேடலாம். ஆயினும் அது தேடுவதற்கு மட்டுமே. தொகையைக் கோரிப் பெற வங்கியையே அணுக வேண்டும்.

வாடிக்கையாளர்களை நாம் வேண்டுவது இரண்டு. ஒவ்வொரு கணக்கிற்கும் நியமனதாரரைப் பதிவு செய்யுங்கள். கணக்குகள் எங்கெங்கு உள்ளன என்பதை வீட்டாருக்கும் தெரிவியுங்கள். பிற்காலத்தில் அவர்களின் அலைச்சலை இவ்விரண்டும் பெரிதும் குறைக்கும்.