ஒரே கத்திக்கு நான்கு விலை

"ரொக்கமா, கடனா?" என்று கேட்டுக்கொண்டுதான் நாம் மூட்டையை இறக்குகிறோம். அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாளில் அங்கிருந்த கடைக்காரருக்கு இந்த இரண்டோடு விஷயம் முடியவில்லை.

1704-இல் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குதிரையில் பயணம் செய்த சாரா கெம்பிள் நைட் என்ற அம்மையார், வழியில் கனெக்டிகட் பகுதியில் கண்ட கடை வழக்கத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கத்தியை வெள்ளிக் காசு கொடுத்து வாங்கினால் 6 பென்னி. தானியமும் இறைச்சியுமாக, அரசு சபை நிர்ணயித்த மதிப்பில் கொடுத்தால் 12 பென்னி. அதே பண்டங்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்து மதிப்பிட ஒப்புக்கொண்டால் 8 பென்னி. கடன் என்றால், தவணையைப் பார்த்துப் பேசி முடிப்பது.

இதை ஏமாற்று என்று நாம் சொல்ல மாட்டோம். சபை எழுதிவைத்த மதிப்புக்குப் பண்டத்தைத் திரும்ப விற்க முடியாது என்பது கடைக்காரருக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கத்தியின் மேல் ஏற்றினார்.

இவ்வளவு சிக்கலுக்கும் காரணம் சில்லறைத் தட்டுப்பாடு. காலனிகள் நாணயம் அடிப்பதை லண்டன் விரும்பவில்லை. கைக்கு வந்த ஸ்பானிய வெள்ளியும் இங்கிலாந்துச் சரக்குக்கு விலையாகக் கப்பலேறிவிடும். எனவே எல்லாம் நாள்வழியிலும் பேரேட்டிலும்தான் நடந்தது. கொல்லர் லாடம் அடித்த கூலி அவர் பேரில் வரவு, வீட்டுக்கு வாங்கிய உப்பும் துணியும் பற்று. கணக்கு நேராக ஆண்டுக்கணக்கிலும் ஆகும்.

காசு இல்லாத ஊரில் நாணயம்தான் முதல். பிலடெல்பியாவில் அச்சகமும் காகிதக் கடையும் வைத்திருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், வாங்கிய காகிதத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே தாமே தள்ளிச் செல்வார். உழைப்பாளி என்று ஊர் பார்க்கட்டும் என்றே செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். இறக்குமதி வணிகர்கள் தாங்களாகவே வந்து அவரிடம் வியாபாரம் கேட்டார்கள். இன்று நாம் நோட்டீசுக்குச் செலவிடுவதை அவர் ஒற்றைச் சக்கரத்தில் முடித்துவிட்டார்!

வர்ஜீனியாவில் கதை வேறு. அங்கே புகையிலைதான் பணம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பெருவணிகர்களான ஜான் கிளாஸ்ஃபோர்டு, வில்லியம் கன்னிங்காம் போன்றோர் அங்கே கிளைக் கடைகள் திறந்து, சம்பளத்துக்கு ஏஜெண்டு வைத்தார்கள். ஆணி, துணி, சர்க்கரை எல்லாம் கடனில் போகும். அறுவடையில் புகையிலை வரும். பாக்கி வைத்தவர் சரக்கை வேறிடம் கொண்டுபோக முடியாது என்பதால் கடன் கொடுப்பதில் போட்டியே இருந்தது. கிளாஸ்ஃபோர்டு கடைகளின் கணக்கேடுகளை இன்றும் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் காணலாம்.

1772 ஜூனில் லண்டன் வங்கிக்காரர் அலெக்சாண்டர் ஃபோர்டைஸ் கடனில் மூழ்கி ஊரைவிட்டு ஓடினார். அதே மாதம் ஸ்காட்லாந்தின் ஏர் வங்கியும் பணம் கொடுப்பதை நிறுத்தியது. நெருக்கடி கடல் தாண்டியது. "பாக்கியை வசூல் செய்" என்று கிளைகளுக்குக் கடிதம் பறந்தது. புகையிலை விலையோ சரிந்துகொண்டிருந்தது. 1732-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடனுக்கு நிலத்தோடு அடிமைகளையும் ஜப்தி செய்யலாம். துணிப் பாக்கிக்கு, அந்தத் துணியை வாங்காத மனிதர்கள் ஏலம் போனார்கள்.

1775-இல் போர் மூண்டது. கணக்கு அப்படியே நின்றது. 1783 சமாதான உடன்படிக்கை, பழைய கடன் வசூலுக்குச் சட்டத் தடை கூடாது என்றது. வர்ஜீனியா நீதிமன்றங்கள் இழுத்தடித்தன. பிரிட்டிஷ் வணிகர்கள் 1791-இல் வட்டியோடு கேட்டது சுமார் 50 லட்சம் பவுன். கடைசியில் 1802-இல் அமெரிக்க அரசு 6 லட்சம் பவுன் மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்தது.