மாரியும் நமது படங்களும்

இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றின் பெட்டிக்குள் ஒரு படமேனும் இருக்கும்: விட்டுவந்த முற்றம், வயல் வரம்பு, இன்று நம்மோடில்லாத அம்மம்மா. 1990 வன்செயலிலும் 2004 ஆழிப்பேரலையிலும் அதையும் இழந்தோர் இம்மாவட்டத்தில் பலர். மிஞ்சியதையாவது காப்போம்.

மாரியில் நாவிதன்வெளிக் காற்று முழுதும் ஈரம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65 ஐத் தாண்டி நீடித்தால் படத்திலும் கமரா வில்லையிலும் பூஞ்சணம் பிடிக்கும். எனவே:

* படங்களைச் சுவரோடு ஒட்டாமல், நிலத்திலிருந்து உயரத்தில் வையுங்கள்.
* இறுக மூடும் பெட்டியில், வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போடுங்கள், ஈரத்தை உறிஞ்சும். அடிக்கடி மாற்றுங்கள்.
* வெள்ளத்தில் ஒட்டிக்கொண்ட ஸ்டூடியோப் படங்களைப் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்நீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்து, முகம் மேலாக நிழலில் உலர்த்துங்கள். வெயில் ஆகாது.
* கமராவைத் தோலுறையில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரம் பிடிக்கும்.

ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளோடு கிட்டங்கிப் பக்கம் போய்க் கொக்கையும் நீர்க்காகத்தையும் படமெடுங்கள். கைத்தொலைபேசியே போதும். அது பழுதானால் படமும் போய்விடும், நல்லதை அச்சிடுங்கள். பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். நாளை பேரப்பிள்ளை "இது யார்?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல நாம் இல்லாவிட்டாலும் அந்த எழுத்து இருக்கும்.