நெருப்பில்லாத வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி ஏன்?

தீயணைக்கும் படை என்றதும் சிவப்பு வண்டி, நீண்ட ஏணி, நீரைப் பீய்ச்சும் குழாய் இவைதாம் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் அமெரிக்க நாட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று 911-ஐ அழைத்தால், பல நகரங்களில் முதலில் வாசலில் வந்து நிற்பது அந்தச் சிவப்பு வண்டிதான். மூன்று நான்கு வீரர்கள் பிராணவாயு உருளையும் மருந்துப் பையுமாகப் படியேறி வருகிறார்கள். சற்று நேரத்தில் நோயாளியை ஒரு நாற்காலியில் அமர்த்தி, வாரால் கட்டி, அப்படியே தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். நோயாளியோ நன்றாகப் பேசுகிறார். "என்னால் நடக்க முடியுமே" என்றுகூடச் சொல்கிறார்! பின் ஏன் தூக்க வேண்டும்? அதுவும் நெருப்பை அணைப்பவர்கள் ஏன் தூக்க வேண்டும்? இக்கேள்விகளுக்கு நாங்கள் தேடி அறிந்த விடைகளை இங்கே எழுதுகிறோம்.

முதலில் இருதயத்தைப் பார்ப்போம். அது உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் தசை. அந்தத் தசைக்கும் இரத்தம் வேண்டுமன்றோ? அதைக் கொண்டுவரும் குழாய்களில் ஒன்று அடைபடுவதே மாரடைப்பு. அவ்வேளையில் தசையின் ஒரு பகுதி பிராணவாயு இன்றித் தவிக்கிறது. நோயாளி எழுந்து நடந்தால் கால் தசைகள் அதிக இரத்தம் கேட்கின்றன. இருதயம் இன்னும் வேகமாக உழைக்க வேண்டியதாகிறது. பட்டினி கிடப்பவனிடம் மூட்டை தூக்கச் சொல்வது போன்றது இது. படி இறங்குவது ஏறுவதை விட எளிதுதான். ஆயினும் அந்தச் சிறு உழைப்பும் அப்போது இருதயத்துக்கு மிகையே. துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி, நோயாளி நடுப்படியில் சாய்ந்துவிடவும் கூடும். ஆகவே நோயாளியைத் தூக்குவது அவரை இடம் மாற்றுவதற்காக மட்டும் அன்று; அதுவும் ஒரு சிகிச்சையே.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா, நெஞ்சு அடைப்பது போலிருக்கிறது என்று சொன்னபின், மூன்றாம் மாடியிலிருந்து மகன் தோளைப் பற்றிக்கொண்டு தாமே நடந்து இறங்கினார். ஆட்டோவில் ஏறும்போது நினைவிழந்தார். மருத்துவமனையில் காப்பாற்றிவிட்டார்கள். நடந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அன்று அந்த வீட்டில் அவரை நடக்க வேண்டாம் என்று சொல்ல ஒருவருமில்லை. நடக்க முடிகிறதே, அப்படியானால் பயமில்லை என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

தூக்குவதிலும் முறை உண்டு. தீயணைப்பு வீரர் ஒருவரைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு ஓடிவரும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாரடைப்பு நோயாளிக்கு அது ஆகாது. மார்பும் வயிறும் நசுங்கி மூச்சு முட்டும். (தீப்பிடித்த வீட்டிலும் இன்று அம்முறை அவ்வளவாகப் பயன்படுவதில்லை. சூடும் புகையும் மேலே நிற்பதால், தரையோடு இழுத்துச் செல்வதே நல்லதாம்.) மூச்சுத் திணறுபவரை உட்கார்ந்த நிலையில்தான் தூக்க வேண்டும், படுக்க வைத்தால் திணறல் மிகும். இடுப்பு எலும்பு முறிந்த பாட்டியையோ படுத்த நிலையிலேயே, அசையாமல் கொண்டுவர வேண்டும்.

இப்போது கைகளை எண்ணிப் பார்ப்போம். ஆம்புலன்ஸில் வருபவர்கள் பெரும்பாலும் இருவர். நோயாளி 70 கிலோ எடை என்றால் நாற்காலி, உருளை, கருவிகள் எல்லாம் சேர்ந்து 90 கிலோவுக்குக் குறையாது. படியில் கீழ்ப்புறம் நிற்பவர் மீதே அதிகப் பாரம் விழும். அவர் பின்புறமாக இறங்குவதால் படியும் அவர் கண்ணுக்குத் தெரியாது. எனவே மூன்றாமவர் அவர் முதுகில் கை வைத்து, "இன்னும் இரண்டு படி" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். நான்காமவர் உருளையைச் சுமப்பார்; நோயாளியின் முகத்தையும் கவனிப்பார். இதை நாங்கள் முதலுதவி வகுப்பில், சிஸ்டர் அருகில் நிற்க, கைப்பிடி உள்ள மரநாற்காலியில் செய்து பார்த்தோம். எங்களுள் மிகவும் ஒல்லியானவளைத்தான் உட்கார வைத்தோம். பன்னிரண்டு படிகள் இறங்குவதற்குள் இரண்டு முறை கீழே வைத்துவிட்டோம்! சிரிப்பு ஒருபுறம்; உட்கார்ந்திருந்தவளுக்கோ உண்மையிலேயே பயம்.

அந்த நான்கு பேர் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஏன் வருகிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்கம் நடத்தும் நிலையங்களே செய்துவந்தன என்ற செய்தி அதில் இருந்தது. காரணம் எளியது. ஒருவரைப் படுக்க வைத்து ஏற்றக்கூடிய வண்டி அவர்களிடம்தான் இருந்தது! வண்டி இருந்ததே தவிர, சிகிச்சை அறிந்தவர் அதில் இல்லை. அதே 1966-இல் பெல்பாஸ்ட் நகரில் பிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்னும் மருத்துவர், இருதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவியை வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். 1967-இல் மயாமி நகரில் யூஜின் நேகல் என்னும் மருத்துவர் தீயணைப்பு வீரர்களுக்கே பயிற்சி அளித்து, இருதயத் துடிப்பின் வரைபடத்தை வானொலி அலை வழியாக மருத்துவமனைக்கு அனுப்பச் செய்தார். 1970-இல் சியாட்டில் நகரில் டாக்டர் லெனார்ட் காப் என்பவரும் தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரியும் சேர்ந்து 'மெடிக் ஒன்' என்ற சேவையைத் தொடங்கினர். அவர்களுடைய முதல் வண்டி மிகப் பெரியது. அதற்கு 'மோபி பிக்' என்று செல்லப்பெயர் வேறு!

தீயணைப்பு வீரர்களைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. நெருப்பும் நிமிடக் கணக்கில் பரவுவதால், நகரின் ஒவ்வொரு பகுதியிலும் நிலையங்கள் முன்பே அமைந்திருந்தன. இரவு பகல் எந்நேரமும் அங்கே ஆட்கள் ஆயத்தமாக இருந்தனர். ஏணி, கயிறு, பாரம் தூக்கும் பழக்கம் ஆகியவையும் அவர்களுக்கு உண்டு. இன்று அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை மருத்துவ உதவிக்கானவை. தீயைப் பற்றியவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. சாதாரண வயிற்றுவலிக்கும் இவ்வளவு பெரிய வண்டியா என்று அங்கே குறை சொல்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் அழைப்பு வரும் நேரத்தில் எது சாதாரண வலி, எது மாரடைப்பு என்று யார் அறிவார்?

தூக்கவே கூடாத வேளையும் ஒன்று உண்டு. இருதயம் முற்றிலும் நின்றுவிட்டால், முதல் வேலை தூக்குவது அன்று. அவரைச் சமமான, கெட்டியான தரையில் கிடத்தி மார்பை அழுத்த வேண்டும். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்துவிடுகிறது. தூக்கிக்கொண்டே படியில் சரியாக அழுத்த எவராலும் முடியாது. அப்போது அதே நான்கு பேர் முறைவைத்து அழுத்துகிறார்கள், ஒருவர் களைத்ததும் அடுத்தவர்.

நம் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இல் தொடங்கியது. அதில் ஓட்டுநரும் பயிற்சி பெற்ற உதவியாளரும் வருகிறார்கள். கிணற்றில் விழுந்தவர்களையும் வெள்ளத்தில் சிக்கியவர்களையும் தூக்கி வருவது நம் தீயணைப்பு மீட்புப் பணித்துறையினர். ஆனால் மாடி வீட்டில் நெஞ்சுவலி என்றால், அந்த இருவருடன் கை கொடுப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்து அண்ணன்மார்தாம். நாற்காலியைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேர்?

ஆகையால் வீட்டில் எவருக்காவது நெஞ்சுவலி வந்தால் அவரை நடக்க விடாமல், சுவரில் சாய்த்துத் தரையில் உட்கார வைத்து, முழங்காலை மடக்கி வைக்கும்படி முதலுதவியில் சொல்லித் தருகிறார்கள். 108-ஐ அழைக்கும்போது தெருப் பெயரோடு, எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, மாடிப்படி குறுகலா, நோயாளி பருமனானவரா என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. வண்டி வருவதற்குள் படியிலுள்ள செருப்புகளையும் பூந்தொட்டிகளையும் சைக்கிளையும் அப்புறப்படுத்தி, மாடிவிளக்கைப் போட்டு, கீழே ஒருவரை நிறுத்தி வைக்கலாம். இவற்றைச் செய்ய நம் வயதே போதும்.