உலோகக்கலவையை அணு அணுவாகப் பெயர்த்தெடுப்பது

பத்தாம் வகுப்பு அறிவியலில் உலோகக்கலவைகளுக்கு நாம் ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு பாடவேளைதான். பித்தளை, வெண்கலம், எஃகு, ஓர் அட்டவணை, 'ஒருபடித்தான கலவை' என்ற வரையறை. அடுத்த நாள் அடுத்த தலைப்பு. ஆனால் நல்லம்பள்ளிப் பகுதிப் பிள்ளைகளில் பலர் ஐடிஐயோ பட்டயப் படிப்போ முடித்து ஓசூர் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அங்கே அந்த வரையறை அவர்கள் கையில் இயந்திரமாக வந்து நிற்கிறது. அப்படிப் போன என் மாணவி ஒருத்தி விடுமுறையில் வந்தபோது கேட்டாள்: "சார், நிக்கல் குரோமியம் டார்கெட் புதுசா மாட்டினா, முதல்ல ஷட்டரை மூடி வெச்சுக் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்றாங்க. சுத்தம் பண்றதுக்குன்னு சொல்றாங்க. அது மட்டும்தானா?"

அது மட்டுமல்ல. மீதிப் பாதி நம் பாடநூலுக்கு மிக அருகில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் சொன்ன டார்கெட் என்பது பூச்சாகப் படிய வேண்டிய உலோகத்தின் தகடு. காற்றை வெளியேற்றிய கலனுக்குள் அதை எதிர்மின்வாயாக வைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் வாயுவை விடுகிறார்கள். ஏறத்தாழ 1 பாஸ்கல் அழுத்தம். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. மின்னழுத்தம் கொடுத்ததும் ஆர்கான் அயனிகளாகி ஒளிர்கிறது. நேர்மின் அயனிகள் தகட்டில் போய் மோதுகின்றன. கேரம் ஆட்டத்தில் முதல் அடி விழுந்ததும் காய்கள் நாலாபுறமும் சிதறி, சில ஆடுபவர் பக்கமே திரும்பி வருவதைப் பார்த்திருப்போம். அப்படியே தகட்டுக்குள் நடக்கும் அடுத்தடுத்த மோதல்களால் மேற்பரப்பு அணுக்கள் வெளியே தெறித்து, எதிரே உள்ள பொருளில் படிகின்றன. இதுவே ஸ்பட்டரிங். வெப்பத்தால் உருக்கி எடுப்பதல்ல. உந்தத்தைக் கைமாற்றி எடுப்பது. 1852-இல் வில்லியம் குரோவ் மின்னிறக்கக் குழாயில் இந்த விளைவைப் பதிவு செய்தார். வகுப்பில் நாம் கரும்பலகையில் வரையும் குழாய்தான்.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டாம். டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் கடிகார ஆலை ஓசூரில் இருக்கிறது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூர் நம் மாவட்டம்தான். கைக்கடிகாரங்களில் பளபளக்கும் பொன்னிறம் எல்லாமே தங்கமல்ல. வெற்றிடக் கலனில் டைட்டானியம் அணுக்களை நைட்ரஜனோடு சேரவிட்டால் படியும் டைட்டானியம் நைட்ரைடும் பொன்னிறமே. ஸ்பட்டரிங்கும் அதன் உறவுமுறைகளும் இந்தப் பூச்சைத் தருகின்றன. அடுக்குமாடிக் கட்டடங்களின் வெப்பம் தடுக்கும் கண்ணாடியில் வெள்ளிப் படலமும், அதைக் காக்கும் நிக்கல் குரோமியப் படலமும் ஸ்பட்டரிங் மூலமே படிகின்றன.

சிப்ஸ் பாக்கெட்டின் உட்புற மினுமினுப்பையும் மாணவர்கள் இதில் சேர்ப்பார்கள். அது வேறு முறை. வெற்றிடத்தில் அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கிப் படியவைப்பது. அலுமினியம் ஒற்றைத் தனிமம் என்பதால் அது போதும். (காலி பாக்கெட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளி ஊடுருவும். உலோகப் படலம் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட மலிவான சான்று இல்லை.)

கலவை என்றால்தான் சிக்கல். பித்தளையைச் சூடாக்கி ஆவியாக்கப் பாருங்கள். துத்தநாகத்தின் கொதிநிலை 907 டிகிரி செல்சியஸ். தாமிரத்தினுடையது சுமார் 2,560. துத்தநாகம் முதலில் ஓடிவிடும், தாமிரம் பின்தங்கும். படிவது பித்தளையாக இருக்காது.

ஸ்பட்டரிங்கிலும் எல்லாத் தனிமமும் ஒரே வேகத்தில் தெறிப்பதில்லை. ஆர்கான் மோதும்போது குரோமியத்தைவிட நிக்கல் சற்று எளிதாகக் கிளம்பும். அப்படியானால் படலத்தின் விகிதமும் கெட வேண்டுமே? தொடக்கத்தில் கெடுகிறது. நிக்கல் கூடுதலாகப் போவதால் மேற்பரப்பில் சில நேனோமீட்டர் ஆழத்துக்குக் குரோமியம் மிகுகிறது. மேலே நிக்கல் குறைந்தால் தெறிக்கவும் குறைவாகவே கிடைக்கும். எளிதாகக் கிளம்புவது எண்ணிக்கையில் குறைந்து, கிளம்பத் தயங்குவது எண்ணிக்கையில் கூடி, ஒரு கட்டத்தில் வெளியேறும் விகிதம் தகட்டின் உள் விகிதத்துக்கே வந்து நிற்கும். ஷட்டரை மூடி ஓட்டும் நேரத்தில் ஆக்சைடு அழுக்கு நீங்குவதோடு இந்தச் சமநிலையும் அமைகிறது.

வாயால் சொன்னால் பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். இரண்டையும் சம அளவில் கலந்து ஒரு பை நிறைய வையுங்கள். குழுவுக்கு 6 கொட்டை, 6 கல் என 12-ஐ மேசையில் பரப்புங்கள்; அதுதான் மேற்பரப்பு. கண்ணை மூடி ஒன்றைத் தொட வேண்டும். கொட்டை என்றால் எடுத்துவிடலாம். கல் என்றால் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் மட்டும் எடுக்கலாம். எடுத்ததற்குப் பதிலாகப் பையிலிருந்து பார்க்காமல் ஒன்றை வைக்க வேண்டும். ஐம்பது முறை தொட்டபின் எட்டுக் குழுக்களின் மேசையையும் சேர்த்து எண்ணுங்கள். தொடக்கத்தில் 48 ஆக இருந்த கொட்டை 32-ஐ ஒட்டி நிற்கும். ஒரு குழுவை மட்டும் எண்ணினால் ஏமாற்றும், கூட்டுத்தொகையே பேசும். அதற்குமேல் வெளியேறுவன ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, பையைக் குலுக்கி மேசையோடு கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கும். சரியான கேள்வி. தகடு மிகச் சூடானால் உள்ளிருக்கும் அணுக்கள் மேலே நகர்ந்து கணக்கைக் குழப்பும். தகட்டைச் செப்புத் தகட்டோடு ஒட்டிப் பின்னால் குளிர்நீர் ஓடவிடுவது உருகாமல், விரிசல் விடாமல் காப்பதோடு இதையும் தடுக்கிறது. ஒட்டுவதற்குப் பெரும்பாலும் 157 டிகிரியிலேயே உருகும் இண்டியம் பயன்படுகிறது.

உள் விகிதம் எங்கும் ஒன்றாக இருந்தால்தான் இவ்வளவும் பலிக்கும். நிக்கலும் குரோமியமும் வெற்றிட உலையில் சேர்ந்து உருகும். டங்ஸ்டன், டைட்டானியம் கலவை அப்படியல்ல. ஒன்று 3,422 டிகிரியில் உருகும், மற்றது 1,668-இல். அடர்த்தியிலும் நான்கு மடங்கு வேறுபாடு. அங்கே நுண்தூள்களைக் கலந்து, சூட்டிலேயே அழுத்தித் தகடாக்குகிறார்கள். தூள் சரியாகக் கலக்காத இடம் படலத்தில் குறையாகத் தெரியும்.

தேய்ந்த தகட்டை என் மாணவி கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாள். பின்னாலுள்ள காந்தங்கள் பிளாஸ்மாவை ஒரு வளையத்தில் பிடித்து வைப்பதால் அந்தத் தடத்தில் மட்டும் பள்ளம். ஓட்டப்பந்தயப் பாதை போலவே இருந்தது. பள்ளம் அடியைத் தொடுமுன் தகட்டைக் கழற்றியாக வேண்டும். தட்டை வடிவத் தகடுகளில் பாதி உலோகம்கூடச் செலவாகியிருக்காது. மிச்சம் மறுசுழற்சிக்குப் போகிறது.