காப்பிக் களத்தில் ஃபிளை ஃபிஷிங்

ஃபிளை ஃபிஷிங் என்றதும் இடுப்பளவு குளிர்ந்த ஆற்றில் தொப்பி போட்ட ஒருவர் நின்று கயிற்றை வளைய வளைய வீசுவதுதான் நினைவுக்கு வரும். அந்த ஆறும் அதிலிருக்கும் ட்ரவுட் மீனும் சேர்வராயன் மலையில் கிடையாது. ஆனால் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள ட்ரவுட் தேவையில்லை. முதல் ஒரு மாதத்துக்குத் தண்ணீர்கூட வேண்டாம்.

நம்ம ஊர் தூண்டிலில் தங்கூஸ் நரம்புக்கு எடை இல்லை. எடை ஈயக்குண்டில் இருக்கிறது. குண்டை வீசுகிறோம், நரம்பு பின்னாடியே ஓடுகிறது. ஃபிளை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி, பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. பஞ்சை வீசிப் பாருங்கள், ரெண்டடி தாண்டாது. அதனால் இங்கே எடையைக் கயிற்றுக்கே கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு. வீசுவது கயிற்றை, ஃபிளை சும்மா ஒட்டிக்கொண்டு போகும். மத்த எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

கடையில் கயிற்றுப் பெட்டிமேல் 'டபிள்யூ எஃப் 5 எஃப்' என்று போட்டிருக்கும். முதல் ரெண்டு எழுத்து, எடை முன்பக்கம் குவிந்திருக்கிறது என்பதற்கு. கடைசி எஃப், மிதக்கும் என்பதற்கு. நடுவில் இருக்கும் 5தான் முக்கியம்: கயிற்றின் முதல் 30 அடியின் எடை 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். 3-ஆம் எண் 100 கிரெயின், 8-ஆம் எண் 210. கோல் ஒரு ஸ்பிரிங், அது சரியாக வளைய இத்தனை எடை வேண்டும். 5-ஆம் எண் கயிற்றுக்கு 5-ஆம் எண் கோல். ஆரம்பிப்பவர்கள் 9 அடி நீளம், 5-ஆம் எண் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மாறிப்போனால் ஸ்பிரிங் கணக்கு உதைக்கும்.

தடித்த கயிற்றை நேரே மீனிடம் காட்ட முடியாது. அதனால் முனையில் 9 அடிக்குக் கூம்பிக்கொண்டே போகும் நரம்பு, அதன் முனையில் இன்னும் மெல்லிய நரம்பு. இதற்கு ஒரு விநோதமான எண்: 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் விட்டம், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில். 5 எக்ஸ் என்றால் 6, கிட்டத்தட்ட 0.15 மில்லிமீட்டர். எண் கூடக்கூட நரம்பு மெலியும். நம்ம ஊர் கம்பி கேஜ் கணக்கு மாதிரிதான்.

இனி வீச்சு. நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் காப்பி உலர்த்தும் களம் இருக்குமே, அதைவிட நல்ல பயிற்சி இடம் இல்லை. முன்னும் பின்னும் நாற்பது அடி வெட்டவெளி. அறுவடை முடியும்வரை கேட்காதீர்கள், பழம் காயும்போது யாரும் விடமாட்டார்கள். சிமெண்டுத் தரை கயிற்றின் பூச்சைத் தேய்த்துவிடும். களத்தில் கிடக்கும் தார்ப்பாயை விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புல்தரைக்குப் போங்கள். முள் வேண்டாம், நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டினால் போதும். கண்ணாடியும் தொப்பியும் கண்டிப்பாக வேண்டும், இதில் பேரமே இல்லை.

சாட்டை பழகியவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. சாட்டையில் ஆற்றல் தடித்த பக்கத்திலிருந்து மெல்லிய நுனிக்குப் போகப்போக வேகம் கூடுகிறது. இங்கேயும் அதேதான். வித்தியாசம் என்னவென்றால், சாட்டை சத்தம் போட வேண்டும், இது போடக்கூடாது. பின்னால் 'சடீர்' என்று கேட்டால், கயிறு முழுசாக விரியும் முன்பே நீங்கள் முன்னால் இழுத்துவிட்டீர்கள். நிஜ ஃபிளை கட்டியிருந்தால் அது போயே போச்சு.

தலைக்கு நேர் மேலே கடிகாரத்தின் 12 என்று வையுங்கள், முகம் இருக்கும் பக்கம் 10. மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், 1 மணியில் டக்கென்று நிறுத்துங்கள். கோல் நின்றதும் கயிறு அதைத் தாண்டிப் பின்னால் ஓடி ஒரு வளையமாக விரியும். விரியட்டும். திரும்பிப் பார்த்தால் தப்பில்லை. விரிந்து முடியும்போது முன்னால் கொண்டுவந்து 10 மணியில் மறுபடி டக். கோல் நுனி நேர்கோட்டில் போனால் வளையம் குறுகலாக இருக்கும், காற்றைக் கிழிக்கும். மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டினால் நுனி வில்லாகப் போகும், வளையம் அகன்று கயிறு குவியலாக விழும். பலம் போட்டால் தூரம் கூடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நிறுத்தம்தான் வீச்சு.

நிஜத் தண்ணீரில் உங்கள் பின்னால் சில்வர் ஓக்கும் காப்பிச் செடியும் நிற்கும். அங்கே உருட்டு வீச்சுதான் கைகொடுக்கும்: கயிற்றை நீர்மேல் மெதுவாக இழுத்து, காதுக்குப் பின்னால் ஒரு தொங்கல் விழவைத்து, முன்னால் ஒரே அடி. இதைத் தரையில் பழக முடியாது. கயிற்றைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால்தான் நடக்கும்.

ஏன் இங்கே ட்ரவுட் இல்லை? நீலகிரிக்குக் கொண்டுவர 1860-களிலேயே ஃபிரான்சிஸ் டே முயன்றார், தேறவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் காலத்தில்தான் ரெயின்போ ட்ரவுட் நிலைத்தது, அவலாஞ்சியில் பொரிப்பகமும் வந்தது. அவலாஞ்சி 2,000 மீட்டருக்கு மேலே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கடல்மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும், 25 டிகிரியில் 8-தான். நம்ம உயரத்துக்கு அதுவும் 7-க்குக் கீழே இறங்கும். தண்ணீர் சூடாகச் சூடாக மீனின் தேவை ஏறும், இருப்பு இறங்கும். போதாக்குறைக்கு கோடையில் கிளியூர் அருவியே வற்றிவிடுகிறது. ட்ரவுட் வராமல் போனது நல்லதுக்குத்தான் என்பது என் கட்சி. சின்ன ஓடைகளின் உள்ளூர் மீன்கள் இன்னொரு வேட்டைக்கார விருந்தாளியைத் தாங்காது.

சரி, எதைப் பிடிப்பது? ஜிலேபிக் கெண்டை. 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன், இப்போது ஏரி குளமெல்லாம் அதன் ராஜ்ஜியம். ஆழமில்லாத ஓரத்தில் தட்டு மாதிரி வட்டக் குழி பறித்து ஆண் மீன் காவல் நிற்கும். குழிக்குக் கொஞ்சம் தள்ளி, மூழ்கும் சின்ன ஃபிளையை விழவிட்டு அங்குலம் அங்குலமாக இழுங்கள். முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் சாயங்காலங்களில் மேலே மிதக்கும் ஃபிளை போடலாம். முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், மீனிலிருந்தும் உங்கள் காதிலிருந்தும் சுலபமாகக் கழலும். பிடித்த ஜிலேபியைத் திரும்ப விட அவசியமில்லை, குழம்பு வைக்கலாம். ஆனால் எந்தத் தண்ணீருக்கும் மீன்பாசி குத்தகைக்காரரோ உரிமையாளரோ இருப்பார். அவரைக் கேட்காமல் கோலைப் பிரிக்காதீர்கள்.

காவிரி மஹ்சீர் பக்கம் போகவே வேண்டாம். மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' அந்த மீனைத்தான் கொண்டாடியது. அதில் கூன்முதுகு மஹ்சீருக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். அதே வருஷம் அது மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் ஏறியது.

ஃபிளை கட்டுவதில் நம்ம மலைக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. விக்டோரியா காலத்து சால்மன் ஃபிளைகளில் 'ஜங்கிள் காக்' என்ற இறகு இல்லாமல் நடக்காது. மெழுகு பூசினாற்போல வெண்மஞ்சள் புள்ளியுடன் கண் மாதிரி இருக்கும். அது வேறெதுவும் இல்லை, காலையில் எஸ்டேட் ஓரமாகக் கூவுகிறதே, அந்தச் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. இந்தியாவில் மட்டும் வாழும் பறவை. கழுத்துத் தோலோடு உரித்துக் கப்பலேற்றினார்கள். 1960-களின் பிற்பகுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது, பிறகு 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வெளிநாட்டில் இன்று விற்பது பண்ணையில் வளர்த்த கோழியின் இறகு.

நமக்கு அது தேவையே இல்லை. கோழிக்கடையில் நாட்டுச்சேவலின் கழுத்திறகை ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள். நல்ல விறைப்பு, தண்ணீர் மேல் நிற்கும். முள்ளின் தண்டில் தையல் நூலைச் சுற்றி, இறகின் அடியைக் கட்டி, நாலைந்து சுற்று நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டால் முதல் ஃபிளை தயார். நெயில் பாலிஷ் ஒரு சொட்டு முடிச்சின் மேல்.