மனு எண் 1802

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்துவிட்டு வருபவர் கையில் மிஞ்சுவது ஓர் எண்தான். திறந்தமூல மென்பொருள்களிலும் அதே வழக்கம். பிழை கண்டவரும் புதிய வசதி கேட்பவரும் எழுதிப் போட்டதும் ஓர் எண் கிடைக்கும். ஆனால் இங்கே எல்லாருடைய மனுவையும் அதற்கு எழுதப்பட்ட பதிலையும் எல்லாரும் படிக்கலாம். ‘இஷ்யூ டிராக்கர்’ எனப்படும் இந்தப் பதிவேட்டைச் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலாகவே பலர் பார்க்கிறார்கள். திறந்து கிடக்கும் மனுக்களை எண்ணி, மென்பொருளே உருப்படாது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். என்ன கேட்கப்பட்டது, ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதை மறக்காமல் வைத்திருப்பதுதான் அதன் முதல் வேலை என்பது என் கட்சி.

பிஜிஅட்மினை எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அட்டவணைகளைத் திரையில் விரித்துப் பார்க்கவும், வினவல் எழுதி ஓட்டவும், காப்புநகல் எடுக்கவும் உதவும் இலவசக் கருவி அது. 2016-இல் சி++ நிரலைக் கைவிட்டு, பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் புதிதாக எழுதப்பட்டு நான்காம் பதிப்பாக வந்தபோது, மெதுவாக ஓடுகிறது என்ற புகார்கள் குவிந்தன. அதன் உருவாக்கத்தில் இ.டி.பி. நிறுவனத்தின் புனே பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே நகரின் கோந்த்வாவில் ஒரு சிறு நிறுவனத்தின் தரவுத்தளத்தைக் கட்டி மேய்க்கும் ஒருவர் பிழையைக் கண்டால், ஆட்டோ பிடித்துப் போய் நேரிலேயே சொல்லிவிடும் தூரம்தான். அப்படிச் சொன்னால் அது கேட்டவர் தலையோடு போய்விடும். பிரேசில்காரர் எழுதும் அதே பதிவேட்டில் அவரும் எழுதினால்தான், நாளை அதே பிழையில் முட்டிக்கொள்ளும் மூன்றாமவருக்குப் பயன்.

பிழையும் கோரிக்கையும் ஒரே பதிவேட்டில் கிடந்தாலும் அவற்றைச் சோதிக்கும் முறை வேறு. பிழைக்குச் சாட்சி, அது மறுபடி நிகழ்வது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்த வரிசையில் என்ன செய்தோம், எதை எதிர்பார்த்தோம், எது வந்தது என்று எழுதியிருந்தால் யாரும் தம் கணினியில் அதை நிகழ்த்திப் பார்க்கலாம். காரணத்தை ஊகிக்காதீர்கள், கண்டதை மட்டும் எழுதுங்கள் என்று போஸ்ட்கிரெஸின் கையேடு கறாராகவே சொல்கிறது. நோயாளியே நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்தால் மருத்துவருக்கு இரட்டை வேலை. கோரிக்கைக்கு இப்படிப்பட்ட சாட்சி கிடையாது. தேவையைச் சொல்லி வாதாடத்தான் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். அட்டவணைகளுக்கிடையேயான உறவைப் படமாக வரையும் வசதி பிஜிஅட்மினில் 2021 ஜனவரியில், 4.30 பதிப்பில் வந்தது. அந்தக் கோரிக்கையின் எண் 1802. அதே வெளியீட்டில் தீர்ந்த பிழைகள் பலவற்றின் எண்கள் ஆறாயிரத்தை ஒட்டியவை. இடையில் ஆயிரக்கணக்கான மனுக்கள் வந்துபோனபோதும் அந்தப் பழைய எண் தொலையவில்லை. 2022-இல் பதிவேடே ரெட்மைன் என்ற மென்பொருளிலிருந்து கிட்ஹப் தளத்துக்கு மாறியபோது, பழைய மனுக்கள் தங்கள் பழைய எண்ணையும் தலைப்பில் சுமந்துகொண்டுதான் குடிபெயர்ந்தன.

போஸ்ட்கிரெஸிடமே இப்படியொரு டிராக்கர் இல்லையே, அது நன்றாகத்தானே ஓடுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே பிழையைப் படிவத்தில் எழுதினால் அது ஓர் எண்ணோடு மின்னஞ்சல் குழுவுக்குப் போகிறது. அந்த உரையாடல் முழுவதும் காப்பகத்தில் நிற்கிறது. நிரல் திருத்தங்களைப் பரிசீலிக்க ‘கமிட்ஃபெஸ்ட்’ என்று தனிப் பதிவேடு உண்டு. ஆக எண்ணும் நினைவும் அங்கேயும் இருக்கின்றன, திறந்தது மூடியது என்ற பலகை மட்டும் இல்லை. நாள்தோறும் அஞ்சல்களைப் படித்துத் தள்ளும் வல்லுநர் கூட்டம் இருப்பதால் அது அங்கே செல்லுபடியாகிறது. பிஜிஅட்மினைத் திறப்பவரோ நேற்று எஸ்.க்யூ.எல். கற்றவராகவும் இருக்கலாம், அஞ்சல் கடலில் தன் பிழையைத் தேடு என்று அவரிடம் சொல்ல முடியாது.

அப்படியானால் வாக்கெடுத்து, அதிகம் பேர் கேட்டதை முதலில் செய்யட்டுமே என்பார்கள். வாக்கு ஒரு குறிப்பாக உதவும், தராசாக உதவாது. கருப்பு நிறத் திரை வேண்டுமென்று நூறு பேர் கை தூக்குவார்கள். காப்புநகலில் ஒரு வரி விடுபடும் பிழையில் மாட்டுபவர் இருவராக இருக்கலாம், ஆனால் அவர்கள் இழப்பது தரவு. நெடுநாள் அசையாத மனுவைத் தானாக மூடிவிடும் ஏற்பாடு பல திட்டங்களில் உண்டு. எண்ணிக்கை குறைந்து பலகை பளிச்சென்று ஆகும், பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். இதில் எனக்கு உடன்பாடில்லை.

மூடாமல் விட்ட மனுவால் என்ன பயன் என்பதற்கு, மைசீக்வல் என்ற இன்னொரு தரவுத்தளத்தைப் பாருங்கள். அதன் 11472-ஆம் எண் பிழை 2005-இல் பதிவானது. அப்படி அமைத்திருந்தால், தாய் அட்டவணையில் ஒரு வரியை அழித்ததும் அதைச் சார்ந்த சேய் அட்டவணை வரிகள் தாமாகவே அழியும். ஆனால் அந்தச் சேய் அட்டவணையில் வரி மாறும்போது தானாக ஓடும்படி நாம் வைத்திருக்கும் ‘டிரிக்கர்’ நிரல் அப்போது ஓடவில்லை. யார் எதை அழித்தார்கள் என்று குறித்துவைக்க டிரிக்கரை நம்பியிருந்தவருக்கு இது பெரிய ஓட்டையாக இருந்தது. பதினைந்து ஆண்டு கடந்தும் திறந்தே கிடந்த அந்தப் பதிவுக்கு, ஆண்டுதோறும் பிறந்தநாள் வாழ்த்து எழுதிக் கேலி செய்தார்கள். கேலிக்கு அது தகுதியானதுதான். ஆனாலும் நள்ளிரவில் தன் நிரலையே சந்தேகித்துத் தேடியவர்கள் அந்தப் பக்கத்துக்கு வந்து, தவறு தம்முடையதில்லை என்று தெரிந்துகொண்டார்கள்; கீழே சொல்லியிருந்த மாற்றுவழியை எடுத்துக்கொண்டு போனார்கள்.